ஜாகுவார் ஈ-டைப்பா, ஆஸ்டன் மார்ட்டின் டிபி5-ஆ?

டிபி5-இன் புகழில் பாதி ஜேம்ஸ் பாண்ட் கொடுத்தது. 1964-இல் அவர் திரையில் ஓட்டியிராவிட்டால், ஆயிரத்துச் சொச்சம் மட்டுமே தயாரான இந்தக் காரை இத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமா? சரி, படத்தை ஓரமாக வைத்துவிட்டு, அதே காலத்து இன்னொரு பிரிட்டிஷ் காரான ஈ-டைப் பக்கத்தில் நிறுத்தி, நெடும்பயணத்துக்கு எது தேவலை என்று பார்ப்போம்.

1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஈ-டைப் அறிமுகமானது. ஓட்டிப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்ததால், இன்னொரு காரை உடனே கொண்டுவரச் சொல்லி இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்த ஜாகுவார் ஆலைக்குத் தகவல் போனது. சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் இரவெல்லாம் ஓட்டி வந்து சேர்ந்தார். நெடும்பயணக் காருக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது!

வடிவமைத்தவர் மால்கம் சேயர். விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். காரின் வளைவுகளைக்கூடக் கணக்குப் போட்டுத்தான் வரைந்தார். நடுவில் தனிச் சட்டமில்லாமல் உடலே பாரம் தாங்கும் மோனோகாக் கூடு, எஞ்சினைத் தாங்க முன்னால் குழாய்ச் சட்டம், பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். இவ்வளவும் சுமார் 2,100 பவுண்டுக்கு.

1963-இல் வந்த டிபி5 அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விலை. ஆனால் பின்னால் இருந்தது இரு சக்கரங்களையும் இணைக்கும் பழைய பாணி ஆக்ஸில்! காசு வேறு இடத்தில் போயிருந்தது. மிலானின் டூரிங் நிறுவனத்து 'சூப்பர்லெஜரா' முறையில், மெல்லிய எஃகுக் குழாய்க் கூட்டின்மேல் அலுமினியத் தகடு போர்த்திய உடல். பொறியாளர் டாடெக் மாரெக் வடிவமைத்த 4 லிட்டர், 282 குதிரைசக்தி எஞ்சின். தோல் இருக்கை, மின்சாரத்தில் ஏறி இறங்கும் ஜன்னல் கண்ணாடி.

பொறியியலில் என் ஓட்டு ஈ-டைப்புக்குத்தான். ஆனாலும் தொடக்க கால 3.8 லிட்டர் காரில் நாள் முழுக்க உட்கார முடியாது. இருக்கை சுமார், கால் நீட்ட இடம் குறைவு, முதல் கியருக்கு, பற்கள் உரசாமல் கியர் மாற்ற உதவும் சிங்க்ரோமெஷ் கிடையாது. 1964-இல் வந்த 4.2 லிட்டரில்தான் இருக்கையும் கியர் பெட்டியும் சரியாயின. டிபி5-இலோ ஐந்து கியர். பின்னால் பெயருக்கு இரண்டு சீட்டும் உண்டு, கோட்டையும் பையையும் போடலாம்.

ஞாயிறு காலை கடற்கரை வரை போய்வர ஈ-டைப் சாவியைக் கேட்பேன். பெட்டி படுக்கையோடு ஆல்ப்ஸ் தாண்ட வேண்டுமென்றால் டிபி5 போதும், பாண்டின் இயந்திரத் துப்பாக்கி இல்லாமலே.