கோல்ட் ப்ரூவா, ஆறவைத்த டிக்காஷனா: வேலூர் வெயிலுக்கு எது பொருந்தும்?

கத்திரி வெயிலில் வேலூரின் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். பிற்பகல் காப்பியைக் குளிர்ச்சியாகக் குடிக்க விரும்பும் வீடுகளுக்கு அப்போது மூன்று வழிகள் உள்ளன: காப்பித்தூளைக் குளிர்ந்த நீரில் பல மணி நேரம் ஊறவைக்கும் கோல்ட் ப்ரூ, ஃபில்டரில் இறக்கிய டிக்காஷனை ஆறவைத்துக் குளிர்விப்பது, சூடான காப்பியை நேராக ஐஸ்கட்டிகளின் மேல் வடிப்பது.

வெந்நீர் சில நிமிடங்களில் முடிக்கும் வேலைக்குக் குளிர்ந்த நீர் பல மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. எனினும் புளிப்பும் கசப்பும் தரும் பொருள்களில் ஒரு பகுதி தூளிலேயே தங்கிவிடுவதால் கோல்ட் ப்ரூ மென்மையாக அமைகிறது. 100 கிராம் தூளை 800 மி.லி. நீரில் ஊறவைத்தால், தூள் தன் எடையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நீரை இழுத்துக்கொள்வதால், 600 மி.லி. அளவுக்கே சாறு கிடைக்கும். அதில் சம அளவு தண்ணீர் சேர்த்தால் ஆறு டம்ளர் வரும். சிக்கனம் பார்ப்பவர்களுக்கு இது ஏற்ற வழி அன்று.

பாத்திரத்தை மேசைமேல் 12 மணி நேரம் விட்டுவைக்கலாம் என்னும் செய்முறைகள் 20 முதல் 25 டிகிரி வரையுள்ள அறையை மனத்தில் வைத்தவை. மே மாதத்தில் காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ இரவிலும் புழுக்கம் குறையாத அறையில் அப்படி வைத்தால், சாறு அளவுக்கு மீறி இறங்குவதோடு, கொதிக்காத நீர் என்பதால் கிருமிகள் பெருகவும் வாய்ப்புண்டு. ஆகவே குளிர்பதனப் பெட்டியில் 16 முதல் 18 மணி நேரம் வைப்பதே இங்கு சரி. கடையில் தூள் வாங்கும்போது சிக்கரி கலக்காமல், ரவை போலக் கொரகொரப்பாக அரைத்துத் தரச் சொல்ல வேண்டும். ஃபில்டருக்கென நைசாக அரைத்த தூள் துணியில் தேங்கி, வடித்த சாற்றையும் கலங்கலாக்கிவிடும். உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீர் காப்பியின் இயல்பான புளிப்பை மழுங்கடித்துச் சப்பென்று ஆக்கிவிடுவதால் கேன் தண்ணீரே மேல்.

பாலோடு குடிப்பவர்களுக்கு ஆறவைத்த டிக்காஷனே என் தேர்வு. பாலும் ஐஸும் சேர்ந்து நீர்த்துப்போகும் சுவைக்குச் சிக்கரி கொஞ்சம் கனம் கொடுக்கிறது. கோல்ட் ப்ரூவில் அந்த அழுத்தம் வேண்டுமானால் சாற்றைத் தண்ணீர் சேர்க்காமலே பாலில் ஊற்ற வேண்டியிருக்கும், செலவும் ஏறும். டிக்காஷனின் மணம் மறுநாளே மங்கத் தொடங்கிவிடும் என்பது அதன் குறை. மூடி வைத்த கோல்ட் ப்ரூ குளிர்பதனப் பெட்டியில் சுமார் ஒரு வாரம் தாங்கும்.

ஐஸின் மேல் வடிக்கும் முறையில் மணம் மிகுதி என்றாலும், நம் ஃபில்டர் சொட்டுச் சொட்டாக இறங்குவதற்குள் ஐஸ் கரைந்துவிடுவதால், காகித வடிகட்டி வைத்திருப்பவர்களுக்கே அது உதவும்.

சர்க்கரையை டிக்காஷன் சூடாக இருக்கும்போதே கரைத்துவிடலாம். குளிர்ந்த கோல்ட் ப்ரூவில் அது அடியில் தங்கிவிடும் என்பதால் பாகாகக் காய்ச்சி ஊற்றுவது நல்லது.