ஃபேர்வெல் பார்ட்டிக்கு அரியமான் கடற்கரையா, ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபமா?

பிளஸ் டூ ஃபேர்வெல்லில் பையன்களுக்கு வேட்டி, பொண்ணுகளுக்குப் புடவை. ஆசைப்பட்டதைக் கட்ட முடியாமல் போன பால்புதுமையினர் (தன்பாலின ஈர்ப்பாளர்கள், திருநர்கள் போன்றோர்), பெரியவர்களான பிறகு அதே விழாவை நமக்கு நாமே நடத்தினால் என்ன? சரி, எங்கே?

அரியமானில் சவுக்குத் தோப்பு, அமைதியான பாக் விரிகுடா; போட்டோவுக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் பொது இடம். யார் வேண்டுமானாலும் செல்போனைத் தூக்கலாம். தன்னைப் பற்றி வீட்டில் சொல்லாதவர் மாட்டிக்கொள்ள ஒரு வீடியோ போதும். கடல்காற்றில் புடவை மடிப்பு நிற்காது, மணலில் சக்கர நாற்காலி உருளாது. இருட்டினால் பக்கத்து ஊரான உச்சிப்புளி வரை வர வண்டி பிடிக்கவேண்டும்.

மண்டபத்தில் கதவைச் சாத்திக்கொள்ளலாம். உடை மாற்ற மணமகள் அறை, ஆளுயரக் கண்ணாடி, கூடவே ஒரு டப்பா நிறைய சேஃப்டி பின். கழிவறைக் கதவில் ஆண், பெண் என்றிருப்பதன் மேல் வெள்ளைத்தாள் ஒட்டினால் முடிந்தது. சிக்கல், மேனேஜர் கேட்கும் ‘என்ன ஃபங்ஷன்?’தான். தன்பாலின உறவு குற்றமல்ல என்ற 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அங்கே விளக்கிக்கொண்டிருக்க முடியுமா! ‘நண்பர்கள் சந்திப்பு’ பொய்யில்லை. ஆனால் வாட்ச்மேனிடமும் பந்தி பரிமாறுபவர்களிடமும் முன்பே பேசிவிடுங்கள்.

என் ஓட்டு மண்டபத்துக்கு. அரியமானை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம், விரும்புகிறவர்கள் மட்டும்.