போன்ல வர்ற அவசர எச்சரிக்கை: 4 ஸ்டார்
எஸ்எம்எஸ் மாதிரி நம்பர் நம்பரா போகாம டவர்ல இருந்து அந்த ஏரியா போன் எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல போயிடும், அதனால நெட்வொர்க் ஜாம் ஆனாலும் வந்து சேரும், இது நிஜமாவே நல்ல விஷயம். ஆனா 2018 ஜனவரி 13 ஹவாய்ல ஏவுகணை வருதுன்னு தப்பா அனுப்பிட்டு, இல்லன்னு போனுக்கு மறுபடி மெசேஜ் வர 38 நிமிஷம் ஆச்சு, பாவம் அந்த ஜனங்க. ஒரு ஸ்டார் குறைச்சது அதுக்குத்தான்.

ஏவுகணை வருதுன்னு சொன்னா ஜனங்களுக்கு பீதி வரும், அதனால சொல்லவே கூடாதுன்னு சிலர் சொல்றத மட்டும் என்னால ஏத்துக்கவே முடியல. அணுகுண்டோட கண்டம் விட்டு கண்டம் பாயுற ஏவுகணை வர சுமார் 30 நிமிஷம் ஆகும், அதுல 10 நிமிஷம் கெடச்சாலும் கான்கிரீட் கட்டடத்துக்குள்ள ஜன்னல விட்டு தள்ளிப் போயிடலாமே, வெடிச்சு 1 மணி நேரத்துல இருக்குற கதிர்வீச்சு 7 மணி நேரத்துல பத்துல ஒண்ணா குறையுது, உள்ளயே இருந்தா பொழைக்கலாம். அத சொல்லாம மறைக்க யாருக்கும் உரிமை இல்லங்க.