வெஸ்னோத்தின் ட்ரேக் கிளைடர்: பறந்து வந்து குறி தவறாமல் சுடும் அலகு

டேவிட் வைட் 2003இல் தொடங்கி, பின்னர் உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் கைகோத்து வளர்த்து, இன்றுவரை இலவசமாகவே வழங்கப்பட்டுவரும் ‘பேட்டில் ஃபோர் வெஸ்னோத்’ என்னும் வியூக விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த அலகு (படைவீரர்) எதுவென்று கேட்டால், டிராகனை ஒத்த ட்ரேக் இனத்தின் பறக்கும் அலகான ட்ரேக் கிளைடரைத் தயங்காமல் சொல்வேன். அதன் கையில் வில் இல்லை, வாயில் நெருப்பு இருக்கிறது. ஆயினும் வில்லாளியின் வேலையை வானிலிருந்து இத்தனை நேர்த்தியாகச் செய்யும் வேறோர் அலகை இந்த விளையாட்டில் நான் கண்டதில்லை.

எண்களை மட்டும் பார்ப்பவர்கள் இதை எளிதில் ஒதுக்கிவிடுவார்கள். 1.16 பதிப்பின் கணக்கில் இதன் விலை 16 பொன். நெருப்பு மூச்சு மும்முறை பாய்கிறது, ஒவ்வொரு முறையும் 3 சேதம். அதே படையிலுள்ள பர்னர் என்னும் அலகின் நெருப்போடு ஒப்பிட்டால் இது அற்பமாகவே தெரியும். ஆனால் கிளைடரின் மூச்சுக்கு ‘மார்க்ஸ்மன்’ என்ற சிறப்புத் திறன் உண்டு: நாம் தாக்கும்போது, எதிரி எந்த நிலத்தில் நின்றாலும், குறி தப்பாமல் படும் வாய்ப்பு 60 வீதத்துக்குக் கீழே இறங்குவதில்லை. எல்ஃப் வில்லாளிகள் இரண்டாம் நிலைக்கு உயர்ந்து, மார்க்ஸ்மன் என்றே பெயருள்ள அலகாக மாறிய பிறகே பெறும் இத்திறனை, கிளைடர் படையில் சேரும் முதல் நாளிலேயே கொண்டுவருகிறது.

இதன் பயன் மலையில்தான் முழுமையாகத் தெரியும். வெள்ளவத்தையில் நண்பர்கள் சிலர் ஒரே மடிக்கணினியில் முறைவைத்து ஆடுவது எங்கள் வழக்கம். அங்கு எதிரே அமர்பவர் பெரும்பாலும் நால்கன் படையைத் தேர்ந்து, குள்ளர்களை மலையுச்சியில் ஏற்றி நிறுத்திவிடுவார். மலையில் நிற்கும் குள்ளனுக்குத் தற்காப்பு 70 வீதம் என்பதால், சாதாரண அடி 30 வீதமே படும். மூன்று சேதம் பட்டால் வீழ்ந்துவிடும் அளவுக்கு நலிந்துபோன ஒரு குள்ளப் போராளியைச் சாதாரணமான மூன்று அடிகளால் முடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 66 வீதம்; கிளைடரின் மூன்று மூச்சுகளுக்கோ அது ஏறத்தாழ 94 வீதம். மேலும், அந்தப் போராளியிடம் தொலைதூர ஆயுதம் எதுவும் இல்லாததால், பக்கத்துக் கட்டத்திலேயே நின்று சுட்டாலும் அவரால் திருப்பி அடிக்க முடியாது. வெறிகொண்டு பாயும் குள்ளரான உல்ஃப்செர்க்கருக்கும் இதே கதிதான். தன் மலையை நம்பி அமர்ந்திருந்தவர் அந்த நம்பிக்கையை இழந்து, அடுத்த முறையில் தன் ஆட்களைப் பின்னுக்கு இழுப்பதைப் பார்க்கும்போது, கிளைடரின் உண்மையான மதிப்பு அதன் சேதக் கணக்கில் இல்லை என்பது விளங்கும்.

ஓட்டத்திலும் இது குறைவைப்பதில்லை. ஒரு முறைக்கு 8 நகர்வு. மலையும் ஆறும் இதைத் தடுப்பதில்லை. குகைதான் வேகத்தைக் கெடுக்கிறது. ஆட்டத்தின் தொடக்கத்தில் தொலைவிலுள்ள ஊர்களைக் கைப்பற்றி வருமானத்தைப் பெருக்கவும், மூடுபனிக்கு அப்பால் எதிரி என்ன திரட்டுகிறான் என்று பார்த்துவரவும் இதைவிடப் பொருத்தமான அலகு ட்ரேக் படையில் இல்லை. எலும்புக்கூடுகளுக்கு எதிராக அதன் மோதல் தாக்குதலும் கைகொடுக்கும், ஏனெனில் வாளுக்கும் ஈட்டிக்கும் அசையாத அவை நெருப்புக்கும் மோதலுக்கும் பலவீனமானவை.

குறைகளும் உண்டு. குளிர்த் தாக்குதல் ட்ரேக்குகளைக் கடுமையாக வாட்டும் என்பதால், இருள் மந்திரம் பயின்று குளிரால் தாக்கும் டார்க் அடெப்ட் ஒருவரின் எட்டும் தூரத்தில் கிளைடரை இரவில் விட்டுவைப்பது அதை இழப்பதற்குச் சமம். மந்திரத் தாக்குதல் எந்த நிலத்திலும் 70 வீதம் படும். வில்லும் ஈட்டியும் இதற்குப் பகை. எதிரியின் கட்டுப்பாட்டு வலயத்துக்குள் (அவரை ஒட்டிய கட்டங்களுக்குள்) நுழைந்ததும், பறக்கும் அலகாயினும், நின்றுவிடவே வேண்டும். மார்க்ஸ்மன் திறன் நாம் தாக்கும்போது மட்டுமே செயற்படுகிறது, தற்காக்கும்போது உதவுவதில்லை. பகலுக்கு உரிய படை என்பதால் பகலில் 25 வீதம் கூடும் சேதம் இரவில் அதே அளவு குறைந்தும்விடுகிறது. ஆகவே விடியற்காலையில் முன்னேறி, அந்தி சாயுமுன் திரும்பிவிடும் ஆட்டக்காரருக்கே இது ஏற்றது.

இறுதி அடியை அடிக்கடி இதற்கே ஒதுக்குவது என் வழக்கம். முதல் நிலை எதிரி ஒருவரை வீழ்த்தினால் 8 அனுபவப் புள்ளிகள் சேரும். அவ்வாறு சேர்த்து வளர்ந்த கிளைடர் ஸ்கை ட்ரேக் ஆகவும், பின் ஹரிக்கேன் ட்ரேக் ஆகவும் உயர்கிறது, குறி தவறாத மூச்சும் கூடவே வளர்கிறது. ட்ரேக் படையைப் புதிதாக ஆடத் தொடங்குபவர்கள் முதல் முறையிலேயே ஒரு கிளைடரைச் சேர்த்துக்கொள்ளலாம். எதிரே குள்ளர்கள் மலையேறுவதைக் கண்டால், பர்னரைச் சற்றுத் தள்ளிவைத்து இரண்டாவது கிளைடருக்கு 16 பொன்னைச் செலவிடலாம்.