பொடி எழுத்துக்காக ஓர் அகராதி: 11 வருட அனுபவம்

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் வாங்கிய ஆங்கிலக் கற்போர் அகராதி இது. அட்டையை இரண்டு முறை ஒட்டியாகிவிட்டது. அர்த்தம் தேடி இதைப் பிரிப்பது குறைவு. சொல்லுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளுக்காகத்தான் பிரிக்கிறேன்.

ஒரு வினைக்குப் பின்னால் 'டு' வருமா, 'இங்' வருமா என்று அதில் இருக்கும். 1942-ல் டோக்கியோவில் ஏ. எஸ். ஹார்ன்பியும் உடன் உழைத்தவர்களும் கொண்டுவந்த அகராதியால் வலுப்பெற்ற வழக்கம் அது. ஆரம்பத்தில் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தேன், நிற்கவில்லை. பிறகுதான் தமிழே பாதி வழி காட்டுவது புரிந்தது. "வாசிக்க விரும்புகிறேன்" என்றால் 'வான்ட் டு ரீட்'. "வாசிப்பதை ரசிக்கிறேன்" என்றால் 'என்ஜாய் ரீடிங்'. "வாசிக்க ரசிக்கிறேன்" என்று நாமும் சொல்வதில்லையே! 'ஸ்டாப்' இன்னும் அழகு: "டீ குடிக்க நின்றான்" என்பதற்கு 'டு', "டீ குடிப்பதை நிறுத்தினான்" என்பதற்கு 'இங்'.

எல்லா இடத்திலும் இது கைகொடுக்காது. "என்னைப் போகச் சொன்னார்" என்ற நினைப்பில் 'சஜெஸ்டெட் மீ டு கோ' என்று ஒரு கடிதத்தில் எழுதி, சிவப்பு மையோடு திரும்பி வந்தது. 'சஜெஸ்டெட் தட் ஐ கோ' என்பதே சரி. அகராதியைப் பார்த்திருந்தால் தப்பித்திருப்பேன்.

பெயர்ச்சொற்களில்தான் எனக்கு அதிக அடி. தகவல்கள், அறிவுரைகள், ஆராய்ச்சிகள் என்று தமிழில் தாராளமாகப் பன்மை போடலாம். ஆங்கிலத்தில் 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்' இரண்டும் எண்ண முடியாதவை. முன்னால் 'அன்' வராது, 'மெனி' வராது, 'மச்' அல்லது 'சம்' வரும். நம் 'நிறைய', 'கொஞ்சம்' இரண்டும் எதற்கும் பொருந்துவதால் இந்தப் பிரிவினையே நமக்குப் புதிது. சந்தேகமாக இருந்தால் 'எ லாட் ஆஃப்' போட்டுவிடுவேன், அது இரு பக்கமும் செல்லும். 'எ லிட்டில் டைம்' என்றால் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அந்த 'எ' விழுந்தால் நேரம் இல்லாத குறை. ஓர் எழுத்துக்கு இவ்வளவு கனம்!

இந்த அகராதியை நான் மிகவும் மதிப்பது ஒரு காரணத்துக்காக. யு (எண்ண முடியாதது), சி (எண்ணக்கூடியது) என்ற குறிகளைச் சொல்லுக்கு மொத்தமாகப் போடாமல், அர்த்தத்துக்கு அர்த்தம் தனியாகப் போட்டிருக்கிறது. 'எக்ஸ்பீரியன்ஸ்' வேலை அனுபவமானால் யு, வாழ்க்கையில் நடந்த சம்பவமானால் சி. 'பேப்பர்' காகிதமானால் யு, செய்தித்தாளானால் சி.

குறை ஒன்று உண்டு: 'இங்' மட்டும் ஏற்கும் வினைகள் ஒரே இடத்தில் தொகுத்துக் கிடைக்காது. பின் அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் நானே எழுதி வருகிறேன். 'அவாய்ட்', 'ஃபினிஷ்', 'கீப்', 'மைண்ட்'... போன வாரம் சேர்ந்தது 'போஸ்ட்போன்'.