கணுக்கால் எலும்புக் கட்டி அறுவை சிகிச்சை: மருத்துவருக்கு முழு மதிப்பெண், பில் கவுன்ட்டருக்கு இல்லை

29 வயதான என் மனைவியின் வலது கணுக்கால் வீக்கத்தைச் சுளுக்கு என்று எண்ணி, தைலமும் கிரேப் பேண்டேஜுமாக மூன்று மாதம் ஓட்டிய பிறகே எங்கள் ஊர்த் தனியார் மருத்துவமனை ஒன்றின் எலும்புப் பிரிவுக்குச் சென்றோம். எக்ஸ்ரேயில், கீழ்க்காலின் பெரிய எலும்பு கணுக்காலில் முடியும் இடம் சோப்பு நுரைபோலக் குமிழ் குமிழாகத் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்த பின்னும், ஊசி வழியாக எடுத்த பயாப்சியின் முடிவு வரும்வரை அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்க மருத்துவர் மறுத்துவிட்டார். அன்று எரிச்சலூட்டிய அந்த நிதானத்தைத்தான் இன்று முதலில் பாராட்டுகிறேன். வந்தது ராட்சத செல் கட்டி; புற்றுநோய் அன்று, ஆனால் எடுத்த இடத்திலேயே மீண்டும் முளைக்கக்கூடியது.

மூட்டைக் காப்பாற்றுவதற்காக, எலும்பில் சிறு ஜன்னல் திறந்து கட்டியைச் சுரண்டி எடுத்து, பல் மருத்துவரிடம் இருப்பதுபோன்ற அதிவேகச் சுழல்கருவியால் உட்சுவரைத் தேய்த்து, எஞ்சிய செல்களைக் கொல்லும் ஃபீனால் என்ற ரசாயனத்தைத் தடவிக் கழுவி, குழியை எலும்பு சிமென்ட்டால் நிரப்பினார்கள். சிமென்ட் இறுகும்போது எழும் சூடு எஞ்சிய செல்களை அழிக்க உதவும் என்பதையும், கட்டி திரும்பினால் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் சிமென்ட்டைச் சுற்றிக் கருமை பரவிக் காட்டிக்கொடுக்கும் என்பதையும், மருத்துவர் எக்ஸ்ரே உறையின் பின்புறத்திலேயே பேனாவால் வரைந்து விளக்கினார். அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறோம்.

கணுக்காலில் தோலுக்கும் எலும்புக்கும் இடையே சதை அதிகம் இல்லாததால் புண் ஆறத் தாமதமாகலாம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள், அப்படியே ஆயிற்று. கட்டு மாற்றிய செவிலியர்களின் கைப்பக்குவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை வேறிடத்தில். பேக்கேஜ் என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டு, சிமென்ட்டுக்கும், எலும்புக்குத் தாங்கலாகப் பொருத்திய உலோகப் பிளேட்டுக்கும் தனியாகப் பில் போட்டதை வீடு திரும்பும் நாளில்தான் அறிந்தோம். பிசியோதெரபிக்கு மூன்று முறை போயும் இருமுறை ஆள் இல்லை. புற்றுநோய் இல்லை என்றாலும் இந்தக் கட்டி அரிதாக நுரையீரலுக்கும் பரவக்கூடும் என்பதால், கணுக்காலோடு நெஞ்சுக்கும் எக்ஸ்ரே எடுத்துத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கிறது. நினைவூட்ட ஒரு அழைப்புகூட வராததால், அடுத்த தேதியை வீட்டு நாட்காட்டியில் நாங்களே வட்டமிட்டு வைத்திருக்கிறோம்.