டைட்டானிக் இரவின் இரண்டு கேப்டன்கள்

1912 ஏப்ரல் 14 நள்ளிரவை ஒட்டி, டைட்டானிக்குக்கு உதவக்கூடிய தூரத்தில் இருந்த கப்பல்களில் கலிஃபோர்னியனும் கார்பாதியாவும் உண்டு.

கலிஃபோர்னியனின் கேப்டன் ஸ்டான்லி லார்ட் பனிப்பாறைகளைக் கண்டு கப்பலை நிறுத்தியிருந்தார். அது சரியான முடிவுதான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தூரத்தில் வெள்ளை ராக்கெட்டுகள் (கடலில் இவை ஆபத்துக்கான சமிக்ஞை) தெரிவதாக அதிகாரி சொன்னபோது, விளக்கால் சமிக்ஞை செய்து பார்க்கச் சொன்னதோடு விட்டுவிட்டார். தூங்கிக்கொண்டிருந்த ரேடியோ ஆபரேட்டரை விடியும்வரை யாரும் எழுப்பவில்லை.

கார்பாதியாவின் கேப்டன் ஆர்தர் ராஸ்ட்ரனும், டைட்டானிக் உதவி கேட்ட ரேடியோ செய்தியைச் சொல்ல, தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர்தான். முதலில் கப்பலைத் திருப்பச் சொன்னார். செய்தி உறுதியா என்று கேட்டது அதற்கு அப்புறம். 58 கடல் மைல் போகவேண்டும் என்று கணக்கிட்டார். வெந்நீரையும் வெப்பமூட்டலையும் நிறுத்தி, அந்த நீராவியையும் இயந்திரத்துக்குத் திருப்பினார். கூடுதல் காவலாளிகளை நிறுத்தி, இருட்டில் பனிப்பாறைகளுக்கு நடுவே முழுவேகத்தில் போனார். தன் கப்பலிலும் நூற்றுக்கணக்கான பயணிகள் இருந்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. போகிற வழியிலேயே போர்வை, சூப், மருத்துவர்கள், ஏணிகள் எல்லாம் தயார். 700-க்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள்.

கலிஃபோர்னியன் உடனே கிளம்பியிருந்தாலும் நேரத்துக்குப் போயிருக்குமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. என்னைப் பொறுத்தவரை லார்ட் மீதுள்ள குறை அது அல்ல. ஆபரேட்டரை எழுப்ப எந்தத் துணிச்சலும் தேவைப்படவில்லை, ஒரு கதவைத் தட்டினால் போதும்.